பதினேழு பொன் பூதம்

சேற்றுப் பூதத்தின் விலையை 16 பொன்னிலிருந்து 17 பொன்னாக உயர்த்தியது நான்தான். அது சரியான முடிவு என்றே இன்றைக்கும் வாதாடுவேன். எதிரே ஆள் இல்லாதபோதும் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் பிரச்சினை.

விளையாட்டை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: இது ஒரு கணினி விளையாட்டு; அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், மாறி மாறி நகர்வு, காட்டு மக்கள், மலை மக்கள், சதுப்பு மக்கள் என்று தனித்தனி இனங்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் 100 பொன். அதற்குள் படை திரட்ட வேண்டும். விளையாட்டு ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துடையது. திருகோணமலையில் இருக்கும் நாங்கள் அதன் எண்களைப் பார்த்துக்கொள்கிறோம். எந்தக் காய்க்கு எத்தனை உயிர், எவ்வளவு அடி, என்ன விலை, அடுத்த புதுப்பிப்பில் எது ஏறும், எது இறங்கும் என்பதெல்லாம் எங்கள் மேசையில்தான் முதலில் எழுதப்படும். உவர்மலையில் என்னைத் தெரிந்தவர்கள் 'விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன்' என்கிறார்கள். விளையாட நேரம் கிடைத்தால்தானே!

சதுப்பு மக்களின் காய்களில் ஒன்றான சேற்றுப் பூதம் ஒன்றும் பெரிய வீரன் அல்ல. மெதுவாக நகரும், அடியும் சிறியது. ஆனால் தொட்டால் நஞ்சு ஏறும். நஞ்சேறிய காய் ஏதாவது ஒரு கிராமத்துக்குத் திரும்பிப்போய்த் தங்கும்வரை சுற்றுக்கு 8 உயிர் வீதம் இழந்துகொண்டே இருக்கும். பழகியவர்கள் நஞ்சேறியவனை உடனே பின்னுக்கு எடுத்துவிட்டு வேறொருவனை முன்னுக்கு விடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பின்வாங்க மனம் வராது. எதிரியின் கோட்டை இரண்டு கட்டம் தள்ளித் தெரிகிறதே! முன்னேறுவார்கள், பாதி வழியில் சரிவார்கள், பிறகு கோபத்தோடு எங்களுக்கு எழுதுவார்கள். அப்படி வந்த முறைப்பாடுகள் குவிந்ததால்தான் பூதம் அடுத்த புதுப்பிப்புக்கான எங்கள் திட்டத்துக்குள் வந்தது.

இத்தனைக்கும் சதுப்பு மக்களின் வெற்றி வீதத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. புதியவர்களிடையே கூடுதலாக வெல்கிறார்கள், தேர்ந்தவர்களிடையே குறைவாக வெல்கிறார்கள், இரண்டையும் சேர்த்து வகுத்தால் அழகாக நடுவில் வந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் நான் சராசரியை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆகவே சராசரி சரியாக இருக்கிறது என்பதற்காகப் பூதத்தை விட்டுவைக்க எனக்கு மனம் இல்லை. விலையில் ஒரு பொன் கூட்டினேன், திட்டத்தின் வரிசையில் எழுதினேன், அடுத்த வரிக்குப் போனேன். அடுத்த வரி கப்பல்கள் திரும்பும் வேகம் பற்றியது. உண்மையில் அதற்குத்தான் நிறைய நேரம் செலவழித்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பரிசோதகர்களில் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். வயதில் என்னிலும் மிகச் சிறியவர், அதனால் தம்பி. மாற்றிய எண்களோடு விளையாடிப் பார்த்து, என்ன உடைகிறது என்று எழுதித் தருவது அவர் வேலை. திட்டத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய மாலை அது. கோடை காலத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்; அவர்களுக்கு நான்கு மணி என்றால் எங்களுக்கு ஏழரை. தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுத் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் திரும்பி வந்து, ஏதோ ஒரு கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை என் விசைப்பலகைக்கு மேல் வைத்தார். பேனாவால் இரண்டு பெருக்கல் போட்டிருந்தார். ஆறு தரம் 16, தொண்ணூற்றாறு. ஆறு தரம் 17, நூற்றிரண்டு. அந்த நூற்றிரண்டைச் சுற்றி வட்டம்.

"அண்ணன், ஒரு பொன்தான் கூட்டுகிறோம். ஆனால் முதல் சுற்றில் ஆறு பூதம் எடுக்கிறவனுக்கு இனி ஐந்துதான். பதினைந்து பொன் சும்மா கையில் நிற்கும்."

"தெரியும். அதற்காகத்தான் கூட்டினேன்."

தெரியும் என்று சொன்னது பொய்யல்ல. தொடக்கப் பொன்னை விலையால் வகுத்து மிச்சம் பார்ப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. உயிரும் அப்படித்தான்: 36 உயிர் உள்ள காய் 9 அடியில் நான்கு அடிக்கு விழும், 37 ஆக்கினால் ஐந்தாவது அடி வேண்டும். ஒன்று கூடினால் சில இடங்களில் ஒன்றுமே நடக்காது, சில இடங்களில் படையே மாறிவிடும். நான் அந்த விளிம்பைத் தேடித்தான் போனேன்.

தம்பி அதோடு நிற்கவில்லை. "முறைப்பாடு எழுதுகிறவர்கள் முதல் சுற்றிலா தோற்கிறார்கள்? நஞ்சை எடுத்துக்கொண்டு நடந்து, ஏழாம் எட்டாம் சுற்றில் தோற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஆறு பூதம் வந்தால் என்ன, ஐந்து வந்தால் என்ன? ஆறு எடுத்துத் தொடங்குகிறவர்கள் மேல்நிலை ஆட்கள். அவர்களில் ஒருவரும் முறையிடவில்லையே. கேட்டவனுக்கு ஒன்றும் கொடுக்காமல், கேட்காதவனிடம் பிடுங்குகிறோம்."

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருந்தது, நல்ல பதில்தான். நஞ்சின் விதியைத் தொட்டால் பூதத்தோடு நிற்காது. பாம்பு, சூனியக்காரியின் அம்பு, சதுப்பு மக்களின் கதைப் படலங்கள் எல்லாவற்றிலும் அதே நஞ்சு ஓடுகிறது. கணினியே எதிரியாக விளையாடும்போது எப்போது பின்வாங்க வேண்டும் என்று எழுதிய நிரலையும் திருத்த வேண்டும். விளக்க வரிகளை ஒவ்வொரு மொழியிலும் மாற்ற வேண்டும். விலை என்பது ஓர் எண். இன்று கூட்டலாம், பிழைத்தால் நாளை குறைக்கலாம். எதைத் திரும்பப் பெற முடியுமோ அதை முதலில் மாற்று என்பது எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் சொன்னது.

தம்பி அதற்கும் வழி வைத்திருந்தார்: காயைத் தொடாதீர்கள், வரைபடத்தைத் தொடுங்கள். ஸ்டார்கிராஃப்டை எடுத்துக்காட்டினார். 1998இல் வந்த விளையாட்டு. 2001க்குப் பிறகு அதன் காய்களின் எண்களில் சமநிலை மாற்றம் செய்யவில்லை. கொரியாவில் போட்டி நடத்தியவர்கள் புதுப்புது வரைபடங்களை இறக்கித்தான் மூன்று இனங்களையும் பிறகு சமன்படுத்தி வந்தார்கள். அதுபோல, கோட்டைக்கு அருகிலுள்ள சதுப்புக் கட்டங்களில் சிலவற்றைப் புல்லாக்கி, நடுவில் ஒரு கிராமத்தைச் சேர்த்தால் போதும் என்றார். நஞ்சேறியவனுக்கு ஒதுங்க இடம் பக்கத்திலேயே கிடைக்கும், புதியவனும் தானாகப் பின்வாங்கப் பழகுவான்.

நான் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் 'கோ' விளையாட்டைச் சொன்னேன். பல நூற்றாண்டுப் பழமையான ஆட்டம், ஆனாலும் முதலில் கல் வைக்கிறவருக்குச் சாதகம் கூடுதல் என்று கண்டு, ஜப்பானில் 2002இல், இரண்டாவதாக வைக்கும் வெள்ளைக்குத் தரும் ஈட்டுப் புள்ளியை ஐந்தரையிலிருந்து ஆறரை ஆக்கினார்கள். ஒரே ஒரு புள்ளி. யாரும் குடிமுழுகிப்போகவில்லை.

"அவர்கள் கணக்கைத்தானே மாற்றினார்கள், கல்லை மாற்றவில்லையே" என்றார் தம்பி.

சிரித்துவிட்டேன். நல்ல பதிலடி. அப்போதே நிறுத்தியிருக்கலாம். அவருடைய வரைபட யோசனை கெட்டதல்ல என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரனுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? 1782இல், ஒரே ஆண்டுக்குள், ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையைப் பிடித்தார்கள். காரணம் துறைமுகம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது; இங்கே உண்டு. ஒதுங்குமிடம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் கை ஓங்கும். தம்பி கேட்டதும் ஓர் ஒதுங்குமிடம்தான்.

ஆனால் வரைபடங்கள் எங்கள் கையில் இல்லை. அவற்றை வரைகிறவர்கள் அங்கே, ஐரோப்பாவில். ஒரு கிராமத்தைச் சேர்க்கச் சொன்னால் அது வேறொரு குழுவின் திட்டத்தில் ஏற வேண்டும். அந்தத் திட்டம் பூட்டப்பட்டுவிட்டிருந்தது. இதையெல்லாம் விளக்கியிருக்கலாம். மணி ஏழேகால். நான் சொன்னது வேறு:

"தம்பி, திட்டத்தில் போட்டாகிவிட்டது."

"திட்டம் நாங்கள் எழுதியதுதானே, அண்ணன்?"

குரலில் ஏளனம் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, "அனுப்பிவிட்டுப் பேசுவோம்" என்றேன். அவர் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார். அனுப்பினேன். பிறகு பேசவில்லை. மறுநாள் கதைப் படலம் ஒன்று திறக்க மறுத்து, எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம்.

திட்டம் என்பதை இளையவர்கள் இலேசாக நினைக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. அது கல்வெட்டு அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாடுகிறவர்களிடம் 'இதைச் செய்யப்போகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லும் நிறுவனம், கடைசி மணி நேரத்தில் யாருக்கோ நல்ல யோசனை வந்தது என்று வரிகளை அழித்துக்கொண்டிருந்தால், அடுத்த தடவை அந்தப் பட்டியலை யார் நம்புவார்கள்? சில நாட்களில் இதைச் சொல்லும்போது எனக்கே உறைக்கிறது. வேறு சில நாட்களில், நான் காப்பாற்றியது விளையாடுகிறவர்களின் நம்பிக்கையையா, ஏழரை மணியையா என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே மாலையில் வந்துவிட்டதால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புதுப்பிப்பு வெளியானது. பூதத்தைப் பற்றிய முறைப்பாடுகள் குறைந்தன. வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு மகிழ்ச்சி. மேல்நிலை ஆட்டங்களில் பூதத்தை எடுப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பழகும் இடைநிலை ஆட்களும் கைவிட்டார்கள். எதிரே வராத காயைப் பற்றி யார் முறையிடப்போகிறார்கள்? இதை வெற்றி என்று எழுதினேன். அறிக்கையின் கட்டத்தில் வேறு எதை எழுதுவது? முறைப்பாட்டைக் குறைப்பது இலக்கு, குறைந்தது. தம்பி சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது. புதியவர்கள் அந்தக் கிராமத்தையும் தாண்டி முன்னேறித்தான் செத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புத்தான்.

தம்பி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். மனத்தாங்கல் ஏதும் இல்லை. மதியம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவருடைய வேலையிலும் குறை இல்லை. ஒன்றைத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் அவர் அறிக்கைகள் நீளமாக இருக்கும், கேட்காததையும் எழுதுவார், படிக்கும் என் பொறுமை போய்விடும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் நேரே 'திட்டத்தில் உள்ளபடி உள்ளது' என்று மட்டும் வருகிறது. போன வாரம், வேறு ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டேன்.

"பட்டது அண்ணன். ஆனால் திட்டம் அனுப்பியாகிவிட்டதே" என்றார்.

இம்முறையும் குரலில் ஏளனம் இல்லை. அடுத்த திட்டத்துக்கான முதல் கூட்டம் வரும் திங்கட்கிழமை. பரிசோதகர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அழைத்தால் கூட்டம் நீளும். அவரை அழைக்கச் சொல்லி எழுதிவிட்டேன். அழைத்தது அவர் யோசனைக்காகவா, அந்த நீளமான அறிக்கைகள் மறுபடி வர வேண்டும் என்பதற்காகவா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பூதத்தின் விலை 17தான். அதைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.