கல்லுக்குக் கணக்கு உண்டு, மணலுக்கு?

தனுஷ்கோடி சாலையில் வேலை பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னொரு 1964 வந்தா அந்த ரோடு நிக்குமா?" நியாயமான கேள்வி. அந்த ஆண்டு டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊர் அழிந்தது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல், நிலம் முடியும் நுனியான அரிச்சல்முனைக்குச் சாலையே கிடையாது. ஈர மணலில் வேன்களும் ஜீப்புகளும்தான் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. 2017 ஜூலையில்தான் தார்ச்சாலை திறக்கப்பட்டது.

அப்படி ஒரு புயல் வந்தால் எந்தச் சாலையும் நிற்காது. அன்றைக்கு வேண்டியது சாலையில் ஒரு ஆள்கூட இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். எனக்குக் கவலை தருவது வருஷாவருஷம் வரும் ஆடிக் காற்று. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து பழைய ஊர் வரை 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை வரை நாலரை. இராமேஸ்வரத்தில் இருந்து போகும்போது இடப்பக்கம், வடக்கே, பாக் நீரிணை; வலப்பக்கம், தெற்கே, மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்களுக்கு முதலாவது பெண்கடல், இரண்டாவது ஆண்கடல். கோடையில் இரண்டையும் பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கும், இன்னொரு பக்கம் இரைந்துகொண்டே இருக்கும். வைகாசி முடிந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்ததும் தென்கடல் ஏறி வரும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் வடகடலின் முறை. ஆக, ஆண்டில் பாதி நாள் ஒரு கடல், மீதி நாள் இன்னொரு கடல். நடுவில் இருக்கும் மணல் திட்டும் இந்த இரண்டு காற்றுக்கும் ஏற்ப அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரிச்சல்முனையின் நுனி ஒரு பருவத்தில் இருந்த இடத்தில் அடுத்த பருவத்தில் இருக்காது. நகரும் மணல் மேல் நகராத சாலையைப் போட்டிருக்கிறோம். எங்கள் வேலை முழுக்க இந்த ஒரு முரணில் இருந்து வருவதுதான்.

கடலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும், கல்லைக் கொட்டுங்கள் என்பார்கள். கொட்டத்தான் செய்கிறோம். ஆனால் அந்தத் தீவில் கருங்கல் கிடையாது. இடிந்து நிற்கும் பழைய தேவாலயம்கூட பவளப்பாறைக் கல்லில் கட்டியதுதான். ஒவ்வொரு டிப்பரும் பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். வரும் கல்லும் ஏனோதானோ என்று இருக்கக் கூடாது. கடல்கரைக் கல்லின் எடையைக் கணக்கிட ஹட்சன் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதன்படி அலையின் உயரம் இரண்டு மடங்கானால், அதைத் தாங்க வேண்டிய கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். கொஞ்சம் சின்னக் கல்லாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டால், அடுத்த பருவத்தில் அந்தக் கல் சாலை நடுவில் கிடக்கும். கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் தூக்க முடியாத கல்லை அலை மேலே ஏற்றிவிட்டுப் போயிருந்தது.

கல்லின் அளவு சரியாக இருந்தாலும் போதாது. கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மணல் மேல் நேரடியாகக் கல்லை அடுக்கினால், ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கல் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சிக்கொண்டு போகும். கல் அப்படியே கீழே இறங்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு யாரோ கல்லைத் திருடிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அதனால் முதலில், தண்ணீரை விட்டு மணலைப் பிடித்துவைக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன் மேல் சிறு கல், அப்புறம்தான் பெரிய கல். கடலோரம் கல் முடியும் இடத்தில், அடியில் மணல் பறிபடும்போது உருண்டு விழுந்து பள்ளத்தை அடைப்பதற்கென்று கூடுதலாகக் கல் வைக்க வேண்டும். கம்பிவலைக் கூடையில் கல்லை நிரப்பி வைப்பதும் உண்டு. ஆனால் அந்த உப்புக் காற்றில் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்பது கம்பி மேல் இருக்கும் பூச்சைப் பொறுத்தது. பூச்சு உரிந்த இடத்தில் விரலால் ஒடித்தால் முறியும் அளவுக்கு இற்றுப்போயிருக்கும்.

இன்னொன்று, சாலையை எப்போதும் அலை அடிக்கும் பக்கமே உடைக்கும் என்று நினைக்கிறோம். நான் பார்த்த பெரிய சேதங்கள் மறுபக்கத்தில்தான். தென்கடல் அலை கல்லைத் தாண்டி, தாரைத் தாண்டி, வடக்கே இறங்கும்போது அந்தத் தண்ணீருக்கு வேகம் கூடிவிடும். தார் முடிந்து சாலையோர மண்பட்டை (ஷோல்டர்) தொடங்கும் விளிம்பில் விழுந்து மணலைத் தோண்டும். முதலில் ஒரு கை அளவுக் குழி. அடுத்த அலையில் தாருக்கு அடியில் பொந்து. மேலே பார்த்தால் சாலை நன்றாகத்தான் தெரியும். வண்டி ஏறினால் உள்ளே போகும். அதனால் கடல் தாண்டிய நாளுக்கு மறுநாள் நாங்கள் தார் மேல் நடப்பதில்லை. வடக்கு விளிம்பில் குனிந்து, கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே போவோம். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். சாலையை இன்னும் உயர்த்தச் சொல்பவர்களுக்கும் என் பதில் இதுதான். உயர்த்தினால் தண்ணீர் தாண்டும் நாட்கள் குறையும், ஆனால் தாண்டும் நாளில் அது விழும் உயரம் கூடும். அந்தப் பக்கச் சரிவையும் கட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டுவது வீண்.

இப்போது மணலுக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான்.

காற்று பிடித்துவிட்டால் சாலை மேல் மணல் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். தார் மேல் கணுக்கால் உயரத்துக்குப் புகை போல நகரும். காலையில் ஜேசிபி வந்து வழித்துவிட்டுப் போகும். மதியத்துக்குள் வளைவில் மறுபடி ஒரு மேடு. ஜேசிபி வழித்த பிறகு மிச்சம் இருக்கும் மெல்லிய படலம்தான் பைக்கில் வருபவர்களை வழுக்கிவிடும். அதைத் துடைப்பத்தால்தான் எடுக்க முடியும். அதற்கு வந்த அக்காமார்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் பெருக்குவார்கள். "நாங்க கூட்டுறது ரோட்டை இல்ல சார், காத்தைத்தான்" என்றார் அவர்களில் ஒருவர். அவர் சலிப்பில்தான் சொன்னார். எனக்கு அது முழு உண்மையாகப் பட்டது.

அந்த மணலை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. லாரியில் அள்ளி வெளியே கொண்டுபோவது சுலபம், மேடு நிரப்பக் கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் அது வெறும் குப்பை இல்லை. தென்பக்க மணல்மேட்டில் இருந்து பறந்து வந்தது. அந்த மேடுதான் கல்லுக்கும் முன்னால் நின்று அலையை வாங்குகிறது. அலை வந்து மேட்டைக் கரைக்கும், மணல் கடலடியில் திட்டாகப் படியும், காற்று மாறினால் கரைக்குத் திரும்பும். அள்ளி வெளியே அனுப்பும் ஒவ்வொரு லாரியும் அந்தக் கணக்கில் இருந்து கழிகிறது. அள்ளிய மணலை மேடு இளைத்த இடம் பார்த்துக் கொட்ட வேண்டும். நாங்கள் அதைத்தான் வற்புறுத்தினோம்.

கொட்டினால் மட்டும் நிற்குமா? பிடித்துவைக்க ஆள் வேண்டும். ராவணன் மீசை அந்த வேலையைச் செய்கிறது. ஊசி மாதிரி இலை, வெறுங்காலில் மிதித்தால் ரத்தம் வரும். கொடியாக ஓடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப்போடும். மணல் மூடினால் அதற்கு மேல் முளைத்து வரும். மூட மூட மேடு வளரும். அதன் உருண்டை விதைத்தலைகள் காற்றில் மணல் மேல் உருண்டு ஓடிப் புது இடத்தில் பிடிக்கும். கூடவே அடப்பங்கொடி, ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். இந்த இரண்டையும் யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டியதில்லை. மிதிக்காமல், வண்டியை ஏற்றாமல் விட்டால் போதும். படம் எடுக்க மேட்டில் ஏறி இறங்கும் தடம் ஒன்று விழுந்தால், அடுத்த காற்றில் அந்தத் தடம் பள்ளமாகும். பள்ளம் வழியாகத்தான் அடுத்த பருவத்தில் அலை உள்ளே வரும். சாலையில் எங்கே உடைப்பு வரும் என்பதை, கல்லைப் பார்க்காமல் மேட்டில் விழுந்த காலடித் தடங்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

மணல்மேடு போனால் போவது சாலை மட்டும் இல்லை. தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கிறார்கள். அவர்கள் குடிப்பது மணலில் கையால் தோண்டும் ஊற்றுத் தண்ணீர். இரண்டு பக்கமும் கடல், நடுவில் சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேடு உயரமாக இருக்கும் வரை அந்த நல்ல நீர் தடிமனாக இருக்கும். மேடு கரைந்தால் ஊற்று உவர்க்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவதும் அந்தக் கரையில்தான். கல் அடுக்கிய இடத்தில் அவற்றால் ஏற முடியாது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கல்லிலேயே போய் நிற்கிறோம்? என் அனுபவத்தில் காரணம் எம்-புக். செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். கல்லுக்கு அதில் நீளம், அகலம், உயரம் உண்டு, கனமீட்டர் உண்டு, விலை உண்டு. எண்ணலாம், படம் எடுக்கலாம், பில் போடலாம். துடைப்பத்துக்கு அதில் நல்ல இடம் இல்லை. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை ஏறவிடாமல் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் எத்தனை கனமீட்டர் மணலைக் காப்பாற்றினார் என்று எப்படி எழுதுவது? நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில், மணல் அகற்றுவதற்கு லாரி நடைக் கணக்கில் பணம் உண்டு, அதே மணலைப் பக்கத்து மேட்டில் போடுவதற்கு விலையே இல்லை. அப்படி இருந்தால் ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் தீரும் விஷயம் இது. அந்த ஒரு வரிக்காக நாங்கள் எழுதிய கடிதங்கள் கொஞ்சநஞ்சமில்லை.

மழையையும் மறந்துவிடக் கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகே வலுவிழந்து நகராமல் நின்றது. 2024 நவம்பரில் இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் தண்ணீர் கடலுக்கு வடிய வழி வேண்டும். சாலைக்கு அடியில் இருக்கும் சிறு பாலங்களின் வாயை மணல் அடைத்திருந்தால், கடலைத் தடுக்கப் போட்ட சாலையே மழைக்கு அணைக்கட்டு ஆகிவிடும். புரட்டாசிக்குள் எல்லா வாயையும் தோண்டி வைப்பது எங்கள் வழக்கம். அதுவும் எம்-புக்கில் பெரிய தொகை இல்லை.

வண்டியை எப்போது நிறுத்துவது என்பதும் பாதுகாப்பு வேலைதான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் போலீஸ் தடுத்துவிடும், அது தெளிவு. தெளிவில்லாதது கூண்டு ஏறாத நாள். வானம் வெளுத்திருக்கும், வெயில் அடிக்கும், எங்கோ தூரத்தில் எழுந்த பேரலை மட்டும் வந்து சேரும். அந்த நாட்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர். "தம்பி, தென்கடல் சத்தம் இடைவெளி விட்டு வருது பாருங்க. அலை நீளமா வருதுன்னு அர்த்தம். சாயங்காலம் தாண்டும், வண்டியை விடாதீங்க" என்பார். "சரிங்கய்யா" என்று அவர் பேச்சை நம்பித் தகவல் கொடுப்போம். அவர் சொன்னது அறிவியலும்தான். நீண்ட இடைவெளியில் வரும் அலைகள் அதே உயரமுள்ள குட்டை அலைகளைவிடக் கரையில் அதிகம் ஏறும். தடுப்பை மூடும் முடிவில் அப்படிப்பட்ட ஒருவரின் சொல்லுக்கு எழுத்துப்பூர்வமான இடம் வேண்டும் என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பகுதி, சாலை முடிந்து வண்டிகள் திரும்பும் அரிச்சல்முனை வட்டம். அதைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹட்டெராஸ் தீவு வழியாக 12ஆம் எண் சாலை போகிறது. இதே போல ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் உள்கடல், நடுவில் மணல். 2003இல் இசபெல் புயலும் 2011இல் ஐரீன் புயலும் அந்தத் தீவை அறுத்துப் புது வாய்க்கால்களைத் திறந்தன. மணலைக் குவித்துக் குவித்துப் பார்த்துவிட்டு, ரொடான்தே என்ற ஊருக்கு அருகே 2022இல் சாலையை உள்கடல் மேல் பாலமாக மாற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கரையில் இருந்த பழைய துண்டைக் கைவிட்டார்கள். அங்கே சாலையை நம்பி ஊர்கள் இருக்கின்றன, அதனால் பாலம். நமக்கு அரிச்சல்முனையில் ஊர் இல்லை. ஆட்கள் கடல் பார்க்க வருகிறார்கள். கடல் பார்க்கக் கடைசி அடி வரை கார் போக வேண்டியதில்லை. வட்டத்தைச் சில நூறு மீட்டர் உள்ளே, மேடு அகலமாக இருக்கும் இடத்துக்குத் தள்ளிவைத்து, அதற்கு அப்பால் மரப்பலகை நடைபாதை போட்டுவிடலாம். முதியவர்களுக்கு பேட்டரி வண்டி விடலாம். நுனியை மணலிடமே விட்டுவிட்டால், அங்கே ஆண்டுதோறும் கொட்டும் கல்லுக்கான பணத்தில் மீதிச் சாலை முழுவதற்கும் துடைப்பமும் வாட்ச்மேனும் ராவணன் மீசையும் போடலாம். திட்டம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கச்சானுக்கு முன் யாராவது ஒருவர் அந்த நுனியில் நின்று அளந்து பார்க்கட்டும்.