டைட்டில் வந்த அழகும் போன அலங்கோலமும்

மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்காக நான் முதன்முதலில் செய்து அனுப்பிய திருமண டைட்டில் டெம்ப்ளேட் (வீடியோவில் பெயரை அசைவோடு காட்டும், பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தும் தயார் வடிவம்), மூன்றே நாளில் புகாரோடு திரும்பி வந்தது. மணமக்களின் பெயர் அழகாக எழும்பி வருகிறது, போகும்போது மட்டும் பட்டென்று அறுந்துவிடுகிறது என்றார் அங்கிருந்த எடிட்டர். நான் 6 விநாடிக்கு அமைத்திருந்ததை அவர் 4 விநாடியில் வெட்டியிருந்தார். வெளியேறும் அசைவு முழுவதும் வெட்டுப்பட்ட அந்த 2 விநாடிக்குள்தான் இருந்தது. தேவாலய முகப்பைச் சுற்றிவரும் நீண்ட ட்ரோன் காட்சியின் மேல் வைப்பதற்காக அதையே வேகம் குறைத்து இழுத்திருந்தார். அங்கே பெயர் நத்தையாக ஊர்ந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. நீளம் மாறும் என்று எண்ணாமல் டெம்ப்ளேட் செய்தவன் நான்.

இதற்கு வழி உண்டு. அசைவுகளைச் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் காம்போசிஷனின் (அசைவை அமைக்கும் காலக்கோட்டின்) தொடக்கத்திலும் முடிவிலும் மார்க்கர் என்ற குறியை வைத்து, அதற்குக் கால அளவு கொடுத்து, 'புரொடெக்டட் ரீஜன்' (பாதுகாக்கப்பட்ட பகுதி) என்பதைத் தேர்ந்துவிட்டால், எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் டைட்டிலை எவ்வளவு நீட்டினாலும் குறுக்கினாலும் அவ்விரு முனைகளின் வேகம் மாறாது. நடுப்பகுதி மட்டுமே இழுபடும். அந்த நடுப்பகுதியில்தான் நான் மறுபடி மாட்டிக்கொண்டேன். அங்கே உதிர்ந்துகொண்டிருந்த மல்லிகை இதழ்கள், டைட்டில் நீண்டபோது தண்ணீருக்குள் விழுவதுபோல மந்தமாயின. இதழ்களை எடுத்துவிட்டேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே வேலையை முடிப்பவர்களுக்கு எக்ஸ்பிரஷன் (மதிப்பைக் கணக்கிடும் சிறு நிரல்வரி) போதும்: ஒபாசிட்டி (100 என்றால் முழுதாகத் தெரியும், 0 என்றால் மறையும்), லேயரின் (எழுத்து இருக்கும் அடுக்கின்) அவுட்பாயின்டுக்கு, அதாவது அது முடியும் இடத்துக்கு, அரை விநாடி முன்பு 100 ஆகவும் அவுட்பாயின்டில் 0 ஆகவும் இருக்கும்படி எழுதிவிட்டால், லேயரை எங்கே வெட்டினாலும் மறைவு அந்த முனைக்கே நகர்ந்துவிடும்.

விநாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் வீடியோவில் நுழைவுக்கு 15 பிரேமும் வெளியேற்றத்துக்கு 8 பிரேமும் கொடுக்கிறேன். வரும்போது கண் எழுத்தைத் தேடுகிறது. போகும்போது அது ஏற்கெனவே வாசித்து முடித்த எழுத்து. நுழைவை அப்படியே பின்னோக்கி ஓடவிட்டு வெளியேற்றம் என்று பெயரிடுவது, என் பார்வையில், சோம்பல்.

தமிழ் எழுத்துக்கு வேறு சிக்கல்களும் உண்டு. ஒவ்வோர் எழுத்தாகப் பறந்துவரும் ஆங்கில டெம்ப்ளேட்டில் 'கொ' என்று தட்டினால், சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும். ஆகவே அசைவைச் சொல் சொல்லாகவே அமைக்கிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு வெட்டிய மாஸ்க்கோ (எழுத்து தெரியும் எல்லையை வரையும் சட்டமோ), 'வீ'யின் மேற்சுழியையும் 'கு'வின் அடிவளைவையும் சீவிவிடும்.

இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன் 2, 6, 15 விநாடிகளில் வைத்துப் பார்க்கிறேன். 2 விநாடியில் அசைவுகள் போக எழுத்து அசையாமல் நிற்பது 27 பிரேம் மட்டுமே. இரண்டு நீளப் பெயர்களை வாசிக்க அது போதாது. அதனால் '3 விநாடிக்குக் குறைக்க வேண்டாம்' என்று கோப்பின் பெயரிலேயே எழுதி அனுப்புகிறேன்.