பெரியப்பா பணம் இழந்த பிறகு நாங்கள் செய்தவை

என் பெரியப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், மதுரையில் இருக்கிறார். அவருடைய ஆதாரில் வாங்கிய சிம் மும்பையில் ஒரு பணமோசடி வழக்கில் சிக்கியிருப்பதாக ஒரு அழைப்பு வந்தது. அப்புறம் வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லி, ராத்திரி பகலாக அவரை அறையைவிட்டு நகரவிடவில்லை. கணக்கைச் சரிபார்த்துத் திருப்பித் தருவதாகச் சொன்னதை நம்பி, பெரியப்பா வைப்புநிதியை உடைத்து ஐந்து லட்சத்தை ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பிவிட்டார். வெளியே சொன்னால் பிள்ளைகளையும் கைது செய்வோம் என்று மிரட்டியிருந்தார்கள். பெரியம்மாதான் எனக்குப் போன் செய்தார்.

முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்கு அழைத்தோம். எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டார்கள். அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணையும் கேட்டார்கள். அது வங்கியின் எஸ்எம்எஸ்ஸிலேயே இருந்தது. இதில் நேரம்தான் எல்லாம். போன பணத்தை உடனே பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். 1930-இல் பதிவான புகார் அந்தந்த வங்கிகளுக்குப் போய், எடுக்கப்படாமல் மிச்சமிருக்கும் தொகையை நிறுத்திவைக்கிறது. புகார் எண் வந்ததும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றினோம்.

வங்கிக் கிளையில் "எஃப்ஐஆர் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகே கிளம்பினோம்.

பெரியப்பா அவமானத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கப் போனார். தடுத்துவிட்டேன். சைபர் கிரைம் காவல் நிலையத்தில் முதலில் கேட்டதே அதைத்தான். ஸ்டேஷனுக்கு வரவே அவருக்குக் கூச்சம். வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024-இல் வீடியோவில் நடந்த போலி உச்ச நீதிமன்ற விசாரணையை நம்பி 7 கோடி ரூபாய் அனுப்பியதையும், புகார் கொடுத்ததால் 5.25 கோடி மீட்கப்பட்டதையும் சொன்னேன். அவ்வளவு பெரிய தொழிலதிபரே வெளியே வந்து பேசியிருக்கிறார் என்றதும்தான் சட்டையை மாட்டினார்.

காவல் நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது, பிறகு எஃப்ஐஆர். நிறுத்திவைத்த பணம் தானாக வந்துவிடாது; மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வழக்கறிஞர் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503-ஆம் பிரிவில் மனு போட்டார். போலீஸ் அறிக்கைக்காகப் பல மாதம் இழுத்தது. கடைசியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

இப்போது ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பெரியப்பாவே எழுந்து பேசுகிறார். வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை, எந்த அரசு அலுவலகமும் சரிபார்க்கப் பணம் அனுப்பச் சொல்லாது என்று, வகுப்பில் சொல்வதுபோல இரண்டு முறை சொல்கிறார். போன கூட்டத்தில் ஓர் அம்மா, "எனக்கும் இப்படிக் கூப்பிட்டாங்க சார், நான் பணம் போடலை, நானும் சொல்லணுமா?" என்று கேட்டார். அவசியம் சொல்ல வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி இருக்கிறது. பணம் போகாவிட்டாலும் சந்தேகத்துக்குரிய அழைப்பை அங்கே பதியலாம். அந்த அம்மாவின் போனிலிருந்தே அன்றைக்குப் பதிந்து கொடுத்தோம்.