தேயிலைச் சக்கையும் ஜூரு ஆறும்

மலேசியாவின் பிறை நகரில் நாங்கள் வளர்ந்த வீட்டிலிருந்து ஜூரு ஆறு அதிகத் தொலைவில் இல்லை. ஆனாலும் அதில் இறங்கிக் குளித்த நினைவு எனக்கில்லை. "அந்தத் தண்ணியில கால வைக்காதம்மா" என்று அப்பா சொன்னதுதான் நினைவிருக்கிறது. தொழிற்பேட்டைக் கழிவும் பன்றிப் பண்ணைக் கழிவும் கலந்து, முகத்துவாரத்து மீனவர்களின் பிழைப்பை 1970களிலேயே கெடுத்த ஆறு அது.

இன்று பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தாவரச் சாற்றைக் கொண்டு உலோக நானோ துகள்களைத் தயாரித்து, அவற்றால் அழுக்கு நீரைத் தெளியவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. பொருள் அவ்வளவு சிறிதாகும்போது, எடைக்கு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு மிகப் பெரிதாகிவிடுகிறது. அந்த மேற்பரப்பில்தான் வேலை நடக்கிறது. இத்துகள்களைச் செய்ய வழக்கமாகச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற கடுமையான வேதிப்பொருள்கள் தேவைப்படும். இலைச்சாற்றிலுள்ள, துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்கள், உலோக உப்பை உலோகமாக மாற்றும் அதே வேலையை மென்மையாகச் செய்கின்றன. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றி வைத்தால், வெளிர்மஞ்சள் நிறம் மெல்லப் பழுப்பாக மாறும். வெள்ளித் துகள்கள் உருவாவதற்கு அதுவே அடையாளம்.

எனக்கு வெள்ளியைவிட இரும்பின் மீதுதான் நம்பிக்கை. மலிவானது, கிருமிகளையும் மீன்களையும் வெள்ளியைப் போல நஞ்சாகத் தாக்காதது. தே தாரிக் எனும் இழுத்தாற்றிய பால்தேநீர் விற்கும் கடையில் வீசியெறியும் தேயிலைச் சக்கையைக் கொதிக்கவைத்து வடித்து, இரும்பு உப்புக் கரைசலில் சேர்த்தால் நொடியில் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதி எனும் இரும்பு உப்பும் கலந்து மை செய்த நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த ஒப்புமையே ஓர் எச்சரிக்கையும் ஆகும்: அந்தக் கறுப்பில் பெரும்பகுதி தூய இரும்பல்ல, இரும்பும் பாலிஃபீனாலும் பிணைந்த கூட்டுப்பொருளாக இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து இரும்புத் துகள் கிடைத்துவிட்டதாக எழுதுவது தவறு. எக்ஸ் கதிர்ச் சோதனை செய்யாமல் நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், பிறகு திருத்தினேன்.

சாயக் கழிவுநீரைத் தெளியவைப்பதிலும் இதே கவனம் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் இத்துகள்களைச் சேர்த்தால் நீலச் சாயம் வெளுத்துப்போகும். வெளுத்த நீர் தூய நீராகிவிடாது. நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள அசோ சாயங்களில் சில பாதியில் உடையும்போது, சாயத்தைவிடக் கேடான அரோமேட்டிக் அமீன்களாக மிஞ்சலாம். ஆகவே நிறத்தோடு நிறுத்தாமல், நீரில் எஞ்சும் கரிமப்பொருளையும் அளக்க வேண்டும். குரோமியத்தில் நிலைமை சற்று நல்லது: இணைதிறன் 6 கொண்ட, நச்சு மிகுந்த குரோமியத்தை இரும்பு, நச்சு குறைந்த இணைதிறன் 3 நிலைக்கு இறக்கிவிடும்; நடுநிலைக்கு அருகான நீரில் அது பெரும்பாலும் வீழ்படிவாக அடியில் தங்கும், வடித்தெடுக்கலாம்.

தாவரம் செய்து தந்தது என்பதால் துகள் தீங்கற்றதாகிவிடாது என்பதை நான் மறப்பதில்லை. அதனால் துகள்களை ஆற்றில் தூவாமல், கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேட் எனும் கூழ்ப்பொருளாலான மணிகளுக்குள் அடைத்துச் சோதிக்கிறேன். வேலை முடிந்ததும் மணிகளை அப்படியே அள்ளிவிடலாம். இதுவரை வடிகட்டிய நீரிலேயே சோதித்தேன். அடுத்து ஜூரு ஆற்று நீரையே கொண்டுவர வேண்டும். கடல் ஏற்றத்தில் அதில் உப்பேறும். உப்பு நீரில் அந்த மணிகளின் பிணைப்புத் தளர்ந்து, உள்ளிருக்கும் துகள்கள் வெளியேறிவிடுமோ என்பதுதான் என் முதல் கேள்வி.