லாலி ரோட்டில் இறங்குமுன்

யாழ்ப்பாணத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையில் வருகை ஆய்வாளராகச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இந்தக் காலத்துக்குள் ஊரிலிருந்து ஐந்தாறு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "நாங்களும் அங்கை வரப்போறம், என்னென்ன செய்யவேணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையே ஒழுங்காக எழுதிவைத்தால், பின்னால் வருபவர்களுக்கும் அவர்களை வரவேற்கப்போகும் கொங்கு நாட்டு நண்பர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கினால் அங்கேயும் தமிழ், கடிகாரத்தில் நேரமும் மாறுவதில்லை, பெயர்ப்பலகைகளும் நம் எழுத்தில் இருக்கின்றன. அதனால் நாம் வேற்று நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது மனத்தில் உறைப்பதே இல்லை. எனக்கு வந்த சிரமங்களில் பெரும்பாலானவை இந்த மறதியால் வந்தவைதான். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிறவர் எத்தனை கவனத்தோடு கடிதங்களைச் சேர்ப்பாரோ, அத்தனை கவனத்தோடு சேர்த்துக்கொண்டு இங்கே வர வேண்டும்.

வீசாவை எடுத்துக்கொள்வோம். சுற்றுலா வீசாவில் வந்து ஆய்வகத்தில் வேலை செய்யக் கூடாது. ஆய்வுக்கு என்று தனி வகை இருக்கிறது, படிக்க வருபவர்களுக்கு மாணவர் வீசா இருக்கிறது. எந்த வகை உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்களை அழைக்கும் துறையிடமும் இந்தியத் துணைத் தூதரகத்திடமும் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள அழைப்புக் கடிதத்தில் நீங்கள் வரும் நோக்கம், தங்கும் காலம், செலவை ஏற்பவர் யார் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். அதற்கு நாலைந்து நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் கைப்பையில் வைத்திருங்கள். பெரிய பயணப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, குடிவரவு மேசையின் முன்னால் நின்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழியைப் பொறுத்தவரை, நான் விமானத்தில் சென்னைக்கு வந்து இரவு ரயிலில் கோவை வந்தேன். சென்னையிலிருந்து கோவை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். இரவில் நீலகிரி விரைவு வண்டியும் சேரன் விரைவு வண்டியும் இருக்கின்றன. பகலில் காலையில் புறப்படும் கோவை விரைவு வண்டியும், 2023 ஏப்ரலில் தொடங்கிய, ஆறு மணி நேரத்தில் வந்துவிடும் வந்தே பாரத்தும் இருக்கின்றன. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. தைப்பொங்கல், தீபாவளி நாள்களை ஒட்டி வருவதானால் அந்த முதல் நாளிலேயே எடுத்தால்தான் படுக்கை கிடைக்கும். இந்திய வங்கி அட்டை இல்லாமல் இணையத்தில் சீட்டு எடுப்பது பெரும்பாடு, ஆகவே துறையிலுள்ள ஆய்வு மாணவர் ஒருவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துக்குப் போகும் வண்டிகளில் சில இருகூரிலிருந்து போத்தனூர் வழியாகத் திரும்பிவிடும், கோவைச் சந்திப்புக்குள் வருவதில்லை. சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னோடு படித்த ஒருவர் கடல் வழியாக வந்தார். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட கப்பல் அது. நாகையிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் வந்தால், மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி விரைவு வண்டியிலோ, மயிலாடுதுறையிலிருந்து வரும் ஜன் சதாப்தியிலோ திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாகக் கோவைக்கு நேரே வந்துவிடலாம். வழியில் காவிரிக்கரைப் பசுமை குறைந்து, பனைகளும் வெள்ளாடுகளும் கிளுவை வேலிகளுமாக நிலம் மாறுவதைப் பார்த்தபடி வந்தது தனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று அவர் சொன்னார். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும் என்பதால், அந்த மாதங்களில் வருபவர்கள் அதை நம்பி நாள் குறிக்க வேண்டாம்.

கோவைச் சந்திப்பில் நான் இறங்கியபோது விடிந்திருக்கவில்லை. விடியும்வரை தங்கலாம் என்று அருகிலிருந்த ஒரு விடுதிக்குப் போனேன். கடவுச்சீட்டைப் பார்த்ததும் வரவேற்பு மேசையில் இருந்தவர், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை தருவதில்லை என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இணையவழியாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. சில விடுதிகள் அந்த வேலையை விரும்புவதில்லை. அவர் தமிழில் "இல்லீங்க" என்று மரியாதையோடு மறுத்தது அப்போது என்னை இன்னும் அதிகமாக வருத்தியது. நிலையத்தின் காத்திருப்பு அறையில் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் முதல் வாரத்துக்கு இடம் உறுதியான பிறகே புறப்படுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

விடிந்த பிறகு இன்னொரு தவறும் நடந்தது. ஆட்டோ ஓட்டுநரிடம் "மருதமலை ரோட்டில் இருக்கிற யூனிவர்சிட்டி" என்றேன். அவர் என்னை வடவள்ளியைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பாரதியார் பல்கலைக்கழக வாயிலில் இறக்கினார். அவரிடம் பிழையில்லை, அதே சாலையில்தான் அதுவும் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் நகரத்தின் பக்கமே, லாலி ரோட்டுச் சந்திப்பை ஒட்டி இருக்கிறது. ஊர்க்காரர்கள் "அக்ரி காலேஜ்" என்றுதான் சொல்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது 1906இல் கோவைக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. பல்கலைக்கழகம் ஆனது 1971இல்தான், பழைய பெயர் மக்கள் நாவில் நின்றுவிட்டது. காந்திபுரத்திலிருந்து மருதமலைக்குப் போகும் பேருந்தில் ஏறி "அக்ரி காலேஜ்" என்று கேட்டால் நடத்துநரே இடம் வந்ததும் சொல்வார். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கோவையில் தனியார் நகரப் பேருந்துகளும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் பணம் கொடுக்க வேண்டும். விமானத்தில் வருபவர்கள் பீளமேட்டுப் பக்கம் இறங்குவார்கள். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி.நாயுடு மேம்பாலத்தால் நகருக்குள் வரும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

துறைக்கு வந்து சேர்வதை ஒரு வேலை நாளின் காலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அலுவலகத்தில், வீட்டு முகவரிச் சான்றைப் பிறகு தருவதாகச் சொல்ல நினைத்து, "அடுத்த கிழமை கொண்டுவந்து தருகிறேன்" என்றேன். மேசைக்கு அப்பால் இருந்த அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்தக் கிழமைங்க? திங்களா, செவ்வாயா?" என்று கேட்டார். எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள் சேர்ந்தது. இங்கே அதை வாரம் என்கிறார்கள், கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்ற ஒற்றை நாள். இருவரும் தமிழர், இருவருக்கும் அந்தச் சொல் தெரியும், ஆனாலும் என் கோப்பில் தவறான ஒரு தேதி ஏறியிருக்கும். மருந்துக்கடையில் குளிசை என்றால் மாத்திரை என்று விளக்க வேண்டியிருக்கும், சவர்க்காரம் என்றால் சோப்பு, கொப்பி என்றால் நோட்டு. கடையில் இவை சிறிய விஷயங்கள்தான். அலுவலகத்தில் மட்டும் நாளைத் தேதியாகவே சொல்லுங்கள்.

அந்த முதல் வாரத்தில் செய்தே ஆக வேண்டியது வெளிநாட்டவர் பதிவு. நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட வீசாவில் வருபவர்கள், வந்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் இணையவழியில்தான். கடவுச்சீட்டு, வீசா, ஒளிப்படம் ஆகியவற்றோடு, நீங்கள் இந்த நிறுவனத்தில் இருப்பவர்தான் என்று துறை தரும் போனஃபைடு சான்றிதழும், தங்கும் இடத்துக்கான சான்றும் கேட்பார்கள். பதினான்கு நாள் என்பது கேட்க நீளமாக இருக்கும். நடுவில் ஒரு சனி, ஞாயிறும் ஒரு பண்டிகையும் வந்தால் கரைந்துபோகும். சிம் அட்டைக்கும் கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணையும் கேட்பார்கள். அந்த ஒருவர் யார் என்பதை வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்குத் தொடங்கும்வரை கையில் சில்லறையாகப் பணம் இருக்கட்டும். தேநீர்க்கடையில்கூட எல்லோரும் கைபேசியில் கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்தே பணம் செலுத்துவதால், ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி கிடைப்பது அரிது. நான் டொலராகக் கொண்டுவந்து இங்கே மாற்றினேன்.

வெளிநாட்டவர் பதிவைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்வதற்கு என் குடும்பத்தில் ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியம்மாவின் குடும்பம் 1990இல் படகேறி வந்தது. பவானிசாகர் அகதிகள் முகாமில்தான் இன்றுவரை இருக்கிறார்கள். நான் வந்த மூன்றாம் மாதம் பெரியம்மா சத்தியமங்கலத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டபோது, அம்மாவின் அக்கா கொங்குத் தமிழில் பேசுகிறார் என்பது ஒரு கணம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் கடவுச்சீட்டைக் கையில் வாங்கி, வீசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பி, அதிலிருந்த என் படத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்க" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் உழைத்தும் அவரிடம் அப்படி ஒரு தாள் இல்லை. இலங்கைத் தமிழர் என்றதும் "எந்த முகாமுங்க?" என்று இங்கே கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. அவர்கள் அறிந்த ஈழத் தமிழர்கள் என் பெரியம்மாவைப் போன்றவர்கள்.

வீடு பார்ப்பவர்களுக்குப் பி.என்.புதூர், வடவள்ளி, சீரநாயக்கன்பாளையம் ஆகியவை வசதியானவை. அட்வான்ஸ் என்று பல மாத வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள், பதிவிலுள்ள முகவரியை மாற்ற அது வேண்டும். எனக்கு வீடு தந்த அம்மா, வாடகையைப் பேசுவதற்கு முன்பே சமையலறைக்குக் கூட்டிப்போய் இரண்டு குழாய்களைக் காட்டினார். "இதுல வாரது நல்ல தண்ணி கண்ணு. அதுல வாரது உப்புத் தண்ணி, குடிச்சுப்போடாத." இரண்டாவது குழாயின் வாயில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழ்ந்த எனக்கு அந்தப் படிவு பழக்கமானது, எங்கள் கேத்திலின் அடியிலும் அதுதான் இருக்கும். நல்ல தண்ணி என்ற சொல்லும் எங்களுடையதே. முதல் குழாயில் வந்தது சிறுவாணித் தண்ணீர். ஒரு குவளை குடித்தேன். நாக்கில் எதுவும் ஒட்டாமல், இளநீரின் கடைசி மிடறுபோல இருந்தது. இந்தத் தண்ணீர் எல்லாப் பகுதிக்கும் வருவதில்லை, வரும் இடத்திலும் சில நாள்களுக்கு ஒருமுறைதான் விடுவார்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது, நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று கேட்டுவிடுங்கள்.

உணவில் பெரிய சிரமம் இல்லை. அரிசிம்பருப்புச் சோறு எங்கள் வயிற்றுக்கு ஒத்துப்போகும். இடியப்பத்துக்கு ஏங்குபவர்கள் சந்தகை என்று கேளுங்கள். நாம் மாவைப் பிழிந்து அவிக்கிறோம், இவர்கள் அவித்த பிறகு பிழிகிறார்கள், தேங்காய்ப்பால் இரண்டுக்கும் பொது. ஆனி, ஆடியில் வருபவர்கள் ஒரு கம்பளிச்சட்டை கொண்டுவர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மாலையில் உடம்பைக் குளிர வைத்துவிடும். இலங்கையில் இப்போது பாவிக்கும் தட்டை முள் செருகி இங்கே பொருந்தாது, உருண்டை முள்ளுக்கு மாற்றும் கருவி ஒன்று வேண்டும்.

கடைசியாக, மண்ணியல் துறைக்கும் பயிர் நோயியல் துறைக்கும் வருபவர்களுக்கு மட்டும் ஒன்று. மண், விதை, செடி, இலை எதையும் முன் அனுமதி இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியத் தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகள் மண்ணை மிகக் கண்டிப்பாகத் தடுக்கின்றன, அனுமதி பெறவும் மாதங்கள் பிடிக்கும். சுன்னாகத்துச் செம்மண்ணை எட்டுப் பொதிகளில் உலர்த்திச் சலித்து, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி வைத்திருந்தேன். அவை இன்னும் எங்கள் வீட்டு விறாந்தை அலுமாரியில்தான் இருக்கின்றன. அளவீட்டுக் குறிப்பேட்டை மட்டும் கொண்டுவந்தேன், வேலைக்கு அதுவே போதுமாக இருந்தது.