கட்டைவிரல் மறைத்து வைப்பவை

தென்காசி வட்டாரத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவரைத் தேடி எல்லா வகைக் கைகளும் வரும். பீடி சுற்றுகிறவர்கள், தையல்காரர்கள், பூ கட்டுகிறவர்கள், மரமேறிகள், பிள்ளை பெற்ற சில மாதங்களில் மணிக்கட்டு வலியோடு வரும் இளம் தாய்மார்கள். வலி, மரத்துப் போதல், வீக்கம் என்று சொல்வார்கள். “கட்டைவிரலில் பலம் போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு. பலம் போயிருக்கும், ஆனால் அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. இத்தனை காலம் கைகளைப் பார்த்ததில் என் மனதில் அழுத்தமாகப் பதிந்த விஷயம் இதுதான்: கட்டைவிரல் தன் குறையை மறைத்துக்கொள்ளும்.

அதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த ஒரு விரலை அசைக்க எட்டுத் தசைகள் உண்டு. நான்கு தசைகள் முன்கையில் தொடங்கி, நீண்ட தசைநாண்களாக (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்கள்) மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. அவற்றில் நுனிக்கணுவை மடக்கும் ஃபிளெக்சர் பாலிசிஸ் லாங்கஸ் உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. விரலை நீட்டவும் விலக்கவும் செய்யும் மற்ற மூன்றும் புறங்கைப் பக்கம். இன்னும் நான்கு தசைகள் கைக்குள்ளேயே குட்டையாக இருக்கின்றன. கட்டைவிரலின் அடியில் மேடாகத் தெரிகிறதே, அந்தச் சதை இவற்றில் மூன்று சேர்ந்தது. நான்காவதான அடக்டர், உள்ளங்கையின் ஆழத்தில் விசிறிபோல விரிந்து கிடந்து, விரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து இழுக்கும். இவற்றுக்கு மெடியன், அல்னார், ரேடியல் என்ற மூன்று நரம்புகளும் பங்கு போட்டு உயிர் கொடுக்கின்றன. ஒரு நரம்பு பழுதானால் மற்ற இரண்டின் தசைகள் வேலையை எடுத்துக்கொள்ளும். விரல் முழுதாக நின்றுபோவது அபூர்வம் என்பது மனிதனுக்குக் கிடைத்த வரம். பரிசோதிக்கிறவருக்கோ அதுவே பெரிய சிக்கல்.

பீடி சுற்றும் ஒரு அக்கா வந்தார். “ராத்திரியானா கை மரத்துப் போயிருது தம்பி, உதறி உதறித்தான் தூங்குதேன்” என்றார். வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் சுத்திருவேன். எண்ணிக்கைதான் கொறைஞ்சு போச்சு.” ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு எண்ணிக்கை குறைவது சின்ன விஷயமில்லை. சுற்றிக் காட்டச் சொன்னேன். வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டும்போது கட்டைவிரலின் உள்பக்கச் சதை ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டும். அவருக்கு நகத்தின் ஓரம்தான் வந்து ஒட்டியது. அடிமேட்டின் வெளிப்பக்கம் சப்பையாகிக் கிடந்தது.

மணிக்கட்டின் குறுகிய பாதையில் மெடியன் நரம்பு நெரிபடும்போது முதலில் வாடுவது பெரும்பாலும் அப்டக்டர் பாலிசிஸ் பிரெவிஸ் என்ற மெல்லிய தசை. உள்ளங்கையை விட்டு விரலை நிமிர்த்தி எழுப்புவது அதன் வேலை. அப்படி எழுந்து நின்றால்தான் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து முகம் கொடுக்க முடியும். சோதிப்பது எளிது. புறங்கை மேசையில் படும்படி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் மேலே ஒரு பேனாவைப் பிடித்துத் தொடச் சொல்ல வேண்டும். அந்த அக்காவின் விரல் மேலே எழாமல் பக்கவாட்டில் விலகிப் போனது. முன்கையிலிருந்து வரும் நீண்ட விலக்கும் தசை, ரேடியல் நரம்பின் தயவில் நன்றாக இருந்ததால், அது தன்னால் முடிந்த திசையில் இழுத்தது. அவசரமாகப் பார்த்திருந்தால் “விலக்க முடிகிறது” என்று குறித்துவிடலாம். நெரிசலை அறுவை சிகிச்சையில் சீக்கிரம் விடுவித்தால் தசை தேறும். நெடுநாள் நரம்பின் தொடர்பு இல்லாமல் கிடந்த தசை திரும்பாமலே போகலாம். அதனால் கை மரக்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த மேட்டைத்தான்.

அல்னார் நரம்பு பழுதானால் மறைப்பு வேறு விதம். ஜூல் ஃபுரோமான் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1915இல், முதல் உலகப்போர் நேரத்தில் விவரித்த சோதனையை இன்றும் அப்படியே செய்கிறோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி, நாம் இழுக்க வேண்டும். அடக்டர் நன்றாக இருந்தால் விரல் நேராக இருந்தபடியே தாளை அழுத்தும். அது செயலிழந்திருந்தால் நுனிக்கணு சட்டென்று மடங்கும். மெடியன் நரம்பு இயக்கும் அந்த நீண்ட மடக்குத் தசை ஓடிவந்து தாளைக் காப்பாற்றுகிறது. ஒரு ஆட்டோக்காரருக்கு இப்படித்தான் மடங்கியது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கோணலில் பல ஆண்டுகளாக இழுபட்டு இழுபட்டு நரம்பு கெட்டுவிட்டது. அவர் சொன்ன ஒரே குறை, சாவி திருப்ப இரண்டு கை வேண்டியிருக்கிறது என்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் விழுந்திருந்த பள்ளத்தை அவர் கவனித்திருக்கவே இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பானது. மணிக்கட்டில் லேசான விரிசல், மாவுக்கட்டுப் போட்டுச் சரியாயிற்று. ஆனால் சில வாரங்கள் கழித்து, கைதட்டக் கட்டைவிரல் விரியவில்லை என்று வருவார்கள். விரலை நீட்டும் நீண்ட தசைநாண் மணிக்கட்டின் பின்புறம் லிஸ்டர் மேடு என்ற சிறு எலும்புப் புடைப்பைச் சுற்றித் திரும்பி, கிணற்று உருளையில் கயிறு போல ஓடுகிறது. அந்த இடத்தில் அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு அதிகம் விலகாத முறிவிலும்கூட, இறுக்கமான அந்தப் பாதைக்குள் ரத்தம் கட்டி, தசைநாண் நைந்து அறுந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் நுனிக்கணு ஓரளவு நிமிரும். குட்டைத் தசைகளில் சிலவற்றின் இழைகள் விரலின் முதுகுப்பக்கம் போய்ச் சேர்வதால் அவை நிமிர்த்திக் கொடுக்கின்றன. உண்மை தெரிய உள்ளங்கையை மேசையில் அப்பி வைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையிலிருந்து தூக்கச் சொல்ல வேண்டும். அதை வேறெந்தத் தசையாலும் செய்து காட்ட முடியாது.

பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து, எண் நன்றாக இருந்தால் “நார்மல்” என்று எழுதுவார்கள். இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் பெரும்பங்கு மற்ற நான்கு விரல்களையும் மடக்கும் முன்கைத் தசைகளுடையது. கட்டைவிரலின் குட்டைத் தசைகள் பற்றி அந்த எண் அதிகம் சொல்லாது. இதே போன்றதுதான் ரப்பர் பந்து. கையில் என்ன கோளாறு என்றாலும் கடையில் ஒரு பந்து வாங்கி அமுக்கத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே பலமாக இருக்கும் தசைதான் அதில் இன்னும் பலமாகும், வாடிய அப்டக்டருக்கு ஒன்றும் கிடைக்காது. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்த வயதான பெண்களுக்கு அதில் கெடுதலே உண்டு. நுனியில் ஒரு கிலோ விசையோடு கிள்ளினால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் இறங்குகிறது. பந்தை வைத்துவிடச் சொன்னதுமே சிலருக்குப் பாதி வலி குறைந்துவிடுகிறது.

சரி, தசை திரும்பவே திரும்பாது என்றால்? நம் மாநிலத்துக்கு இதில் பெருமையான வரலாறு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செத்த கைகளில் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். மோதிர விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் இணைத்தால் அது எழுந்து எதிரே வரும். ஆள்காட்டி விரலை நீட்டவும் இரண்டு உண்டு. லிஸ்டர் மேட்டருகே அறுந்துபோன, கட்டைவிரலை நீட்டும் தசைநாணுக்குப் பதிலாக அதில் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மோதிர விரலின் தசைநாணை மாற்றிக்கொண்டவர்கள், கையை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளிண்டைக் கழற்றியதும் என்னிடம் வருவார்கள். மோதிர விரலை மடக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கட்டைவிரல் எழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. நாளாக ஆக, அந்த நினைப்பே தேவைப்படாமல் விரல் தானாக வரும்.

ஆனால் பழைய மறைப்பு லேசில் விடாது. புதுத் தசைநாண் ஆயத்தமாக இருந்தாலும், சின்னப் பொருள் எதைக் கொடுத்தாலும் பழைய வழக்கப்படி நகத்தின் ஓரம்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் நான் டம்ளரில்தான் தொடங்குகிறேன். உருண்டையாக அகலமாக இருப்பதைப் பிடிக்கக் கட்டைவிரல் விலகி எழுந்து எதிரே வந்தே ஆக வேண்டும், ஓரத்தால் ஏமாற்ற வழியில்லை. முதலில் காலி டம்ளர், அப்புறம் தண்ணீர் ஊற்றியது, அதிலிருந்து மெல்ல மெல்லச் சின்ன டப்பாக்கள். பொத்தான், ஊசி, பீடி இலை எல்லாம் கடைசியில்.