நாகராஜா திடலிலிருந்து சாமிதோப்பு வரை: ஒரு முற்பகல் பயணம்

கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே வரிசையில்தான் ஓடுகின்றன. விடியலில் கடற்கரையில் சூரியோதயம், அடுத்து படகு வரிசை, விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சாப்பாடு, அதற்குப் பிறகு சுசீந்திரம். படகு வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. சுசீந்திரம் போய் இறங்கும்போது நடை சாத்தியிருப்பார்கள். திறக்க மாலை ஆகும். வெளியில் நின்று கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். இந்த மாவட்டத்தின் ஆகச் சிறந்த கல்வேலை அந்தக் கோபுரத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆகவே எங்களுடைய வரிசை இதற்கு நேர்மாறானது. காலையில் நாகர்கோவிலில் தொடங்கி, நடுப்பகலில் சாமிதோப்பில் முடித்து, சாயங்காலம்தான் கடலுக்குப் போகவேண்டும். இது நாங்களாகக் கண்டுபிடித்த வழி அல்ல. ஆண்டுதோறும் மாசி 20-ஆம் தேதி அய்யா வைகுண்டர் அவதார தின ஊர்வலம் நாகராஜா கோவில் திடலிலிருந்து கிளம்பி, கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் வழியாகச் சாமிதோப்புக்குப் போகிறதே, அந்தச் சாலையேதான். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஒரு நாகர் கோவில், ஒரு கத்தோலிக்கப் பேராலயம், ஒரு இஸ்லாமியத் தமிழ்ப் புலவரின் ஊர், மும்மூர்த்தி கோவில், பதி எனப்படும் வைகுண்டர் வழிபாட்டிடம் எல்லாம் இந்த ஒரே வழியில் வந்துவிடும்.

முதலில் உடை. ஆண்கள் வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் ஒரு நீளத் துண்டு போட்டுக்கொண்டு வந்தால் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. அரைக்கால் சட்டையோடு வந்தால் சுசீந்திரத்தில் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பெண்களுக்குப் புடவையோ துப்பட்டாவுடன் சுடிதாரோ போதும். துண்டு ஏன் நீளமாக இருக்கவேண்டும் என்பது கடைசி இடத்தில் தெரியும். செருப்பைக் கழற்றி மாட்டுவது அன்றைக்குக் குறைந்தது நான்கு முறை; வார் வைத்த ஷூ வேண்டாம்.

காலை ஆறு, ஆறேகாலுக்கு நாகராஜா கோவில். ஊருக்குப் பெயர் கொடுத்த கோவில் இது. தெற்கு வாசலில் மகாமேரு மாளிகை என்கிற அடுக்குக் கூரைக் கட்டடம் நிற்கிறது. தமிழ்நாட்டுக் கோபுரங்களின் சாயல் அதில் துளியும் கிடையாது. உள்ளே அனந்தகிருஷ்ணர் சன்னதியும் சிவன் சன்னதியும் கல்லால் கட்டியவை. மூலவரான நாகராஜாவுக்கோ ஓலைக் கூரைதான். ஆண்டுதோறும் ஓலையைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். பிரசாதம் கருவறையிலிருந்து எடுக்கும் ஈர மண். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எவ்வளவு எடுத்தாலும் குறையாது என்றும் சொல்வார்கள். காகிதத்தில் மடித்து வைத்தால் ஈரத்தில் கிழிந்துவிடும். சின்ன டப்பா ஒன்று கையில் இருக்கட்டும்.

மரத்தடி நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றி மஞ்சள்பொடி தூவுவது வழக்கம். இரண்டும் வாசல் கடைகளிலேயே கிடைக்கும். நாள் ஏற ஏறப் பாலும் மஞ்சளும் குழைந்து தரை வழுக்கத் தொடங்கும். வயதானவர்களைச் சீக்கிரமே கூட்டிப் போகச் சொல்வது இதற்காகத்தான். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வரும் கூட்டத்தில் இந்த நேரக் கணக்கு எதுவும் செல்லாது. வேறு நாள் பாருங்கள்.

இங்கே பலரும் பார்க்காமலே போவது முன்மண்டபத் தூண்கள். சமணத் தீர்த்தங்கரர்களான மகாவீரரும் பார்சுவநாதரும் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். தலைக்குமேல் படம் விரித்த பாம்பு இருந்தால் அது பார்சுவநாதர். இந்தக் கோவிலில் சமணம் இருந்ததற்குத் தூண்கள் மட்டும் சாட்சி இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணப் பெரியவர்களின் பெயர்கள் இங்குள்ள கல்வெட்டுகளில் வருகின்றன. பாம்பைத் தலைக்குமேல் வைத்த தீர்த்தங்கரரும் பாம்பையே தெய்வமாகக் கும்பிட்ட ஊரும் ஒரே கூரைக்குக் கீழ் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதை அந்தத் தூண் முன்னால் நின்று யோசித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

அங்கிருந்து கோட்டாறு ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள். ஏழேகால் வாக்கில் புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கலாம். சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தது 1544-இல். வடுகர் படை கோட்டாற்றை நோக்கி வந்தபோது சிலுவையை ஏந்தித் தனியாக எதிர்கொண்டு நிறுத்தினார் என்பதும், அதற்கு நன்றியாக வேணாட்டு அரசர் ஆலயத்துக்கு இடம் கொடுத்தார் என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது இது பேராலயமானது.

உள்ளே தேடிப் பார்க்கவேண்டியது புனித தேவசகாயத்தின் கல்லறை. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா காலத்தில் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு அதே அரசரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம். திருமணமாகிக் குடும்பஸ்தராக வாழ்ந்த ஒரு சாதாரண மனிதர், குருவோ துறவியோ அல்ல. இங்குள்ள மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக நினைப்பதற்கு அது பெரிய காரணம்.

திருப்பலி நடக்கும்போது உள்ளே நடமாடிப் பார்க்கக் கூடாது. ஞாயிறு காலையில் இதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. பேராலயம் சுசீந்திரம் மாதிரி நடை சாத்தும் இடமல்ல. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் 3 வரை பத்து நாள் திருவிழா. தேர் ஓடும் நாட்களில் கோட்டாறு வழியாகப் பஸ் போகாது, சுற்றுவழியில் விடுவார்கள்; டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. திருவிழாவைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் வாருங்கள். மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பத்து நாள் ஒத்துவராது.

காலைச் சாப்பாட்டைக் கோட்டாற்றிலேயே முடித்துவிடுங்கள். பழக்கடையில் மட்டிப்பழம் கண்ணில் பட்டால் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை தூக்கும்.

இடலாக்குடியில் பத்து நிமிடம் போதும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் ஊர் இது. அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் செலுத்தி விடைசொல்லும் சதாவதானத்தை 1907-இல் சென்னையில் நிகழ்த்திக் காட்டியவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அதே மனிதர், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா இல்லையா என்று பெரிய வழக்கு நடந்தபோது அருட்பாவின் பக்கம் நின்று மேடை மேடையாகப் பேசினார். சாலையோரம் வண்டியை நிறுத்தி, வந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் நாங்கள் தாண்டுவதில்லை.

ஒன்பது மணிக்குள் சுசீந்திரம். இங்கே ஒன்றேமுக்கால் மணி நேரம் கொடுங்கள். இந்த முற்பகலின் பெரும்பங்கு இதற்குத்தான். ஸ்தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூவரும் சேர்ந்து தாணுமாலயன். அத்திரி முனிவரின் மனைவி அனுசூயையைச் சோதிக்க வந்த மூவரும் குழந்தைகளானதும், சாபம் பெற்ற இந்திரன் இங்கே வந்து சுசி, அதாவது தூய்மை, அடைந்ததும் தலபுராணம். இன்றும் அர்த்தஜாம பூஜையை இந்திரனே வந்து செய்வதாக நம்பிக்கை. அதனால்தான் இரவு நடை சாத்தியவரும் காலை நடை திறப்பவரும் வேறு வேறு ஆட்கள். ‘அகத்தில் கண்டதைப் புறத்தில் சொல்லமாட்டேன்’ என்று அர்ச்சகர் சத்தியம் செய்துகொண்டுதான் பொறுப்பேற்பார்.

ஆண்கள் சட்டை, பனியன் இரண்டையும் கழற்றவேண்டும். செல்போனில் படம் எடுக்க அனுமதி இல்லை, வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஏழு நிலை, 134 அடி உயரக் கோபுரத்துக்குக் கீழே நுழைந்ததும் எல்லாரும் மற்றவர்கள் போகும் பக்கமே ஓடுவார்கள். முதலில் நின்று எதிரே இருக்கும் மாக்காளையைப் பாருங்கள்: வெள்ளைச் சுதையில் செய்த பெரிய நந்தி. பிறகு பிரகாரத்தை நிதானமாகச் சுற்றுங்கள். கூரை போட்ட நீண்ட பிரகாரம், வெயிலே தெரியாது. வரிசையாக நிற்கும் தூண்களில் விளக்கேந்திய பாவைகள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பெண் உருவில் ஒரு பிள்ளையார் இங்கே தூணில் உண்டு, விக்னேஸ்வரி என்பார்கள். தானாகத் தேடினால் கிடைப்பது கடினம், கோவில் ஆட்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள். நவக்கிரக மண்டபத்தில் கிரகங்களைத் தரையில் தேடாதீர்கள், அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள்.

வடக்குப் பக்கம் அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரே கல்லைக் குடைந்து பல சிறு தண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். தண்டின் பருமனும் நீளமும் மாறுவதால் ஒலியும் மாறுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் தட்டத் தொடங்கினால் கல் தேயும், விரிசல் விடும். நூற்றாண்டுகள் தாங்கிய கல் என்பதற்காகத் தட்டிப் பார்ப்பது நியாயமில்லை. பக்கத்திலேயே 18 அடி ஆஞ்சநேயர், ஒற்றைக் கல். படையெடுப்புக்குப் பயந்து மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்ததாகவும், 1930-இல் திரும்ப வெளியே எடுத்து நிறுத்தியதாகவும் சொல்கிறார்கள். வெண்ணெய் சாத்துவதும் வடைமாலையும் இங்கே முக்கிய நேர்ச்சைகள். வடைமாலை சாத்த நினைப்பவர்கள் முன்கூட்டியே கோவிலில் சொல்லிவைக்க வேண்டும்.

மார்கழித் திருவிழாவில் வந்தால் மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். கோட்டாறு வலம்புரி விநாயகரும், வேளிமலைக் குமாரசுவாமியும், மருங்கூர் சுப்பிரமணியரும் தாய் தகப்பனைப் பார்க்க இங்கே எழுந்தருளுவார்கள். ஒன்பதாம் நாள் தேரோட்டம், மூன்று தேர். அந்த நாளில் தெருவுக்குள் வண்டி நுழையாது.

வெளியே வந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களை ஒருமுறை நடந்து பாருங்கள். இந்தத் தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டுத்தான் 1926-இலும் 1930-இலும் சத்தியாகிரகம் நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோவிலுக்குள் போவது இருக்கட்டும், கோவிலைச் சுற்றிய தெருவே மறுக்கப்பட்டிருந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கதவு திறந்தது. சிற்பத்தை மட்டும் காட்டி இதைச் சொல்லாமல் விடும் வழிகாட்டி பாதிக் கோவிலைத்தான் காட்டுகிறார் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பதினொரு மணிக்குச் சுசீந்திரத்தை விட்டுக் கிளம்பினால் வடக்குத் தாமரைக்குளம் வழியாகப் பதினொன்றரைக்குள் சாமிதோப்பு. சுசீந்திரம் தெருவில் பார்த்த அநியாயத்துக்கு, அந்தச் சத்தியாகிரகத்துக்கும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே எழுந்த பதில் இங்கே இருக்கிறது. அய்யா வைகுண்டர் 1809-இல் இங்கே பிறந்தவர். 1833 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அவரைப் பின்பற்றும் அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை. தலைப்பாகை கட்டவும், முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தவும் தடை செய்யப்பட்டிருந்த மக்களைப் பார்த்து, தலைப்பாகையோடு வந்து வணங்குங்கள் என்றார். தோளில் கிடந்த துண்டுக்கு இங்கேதான் வேலை. சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டுதான் ஆண்கள் பதிக்குள் போகவேண்டும். கைக்குட்டை பத்தாது, அவிழ்ந்து விழும்.

பதிக்குப் போகும் முன் முத்திரிக்கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைகுண்டர் ஏற்படுத்தியது. தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வதைப் பதமிடுதல் என்பார்கள். குளிக்க விரும்புகிறவர்கள் மாற்று வேட்டி கொண்டுவரவேண்டும். மற்றவர்கள் கை, கால், முகம் கழுவிக்கொண்டு போகலாம். பதியின் உள்ளே சிலை எதுவும் கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான். வணங்குகிறவர் தன்னையே எதிரில் பார்க்கிறார். நெற்றியில் சுடர் வடிவில் வெள்ளைத் திருமண்ணால் நாமம் இடுவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு உச்சிப்படிப்பு, அதாவது நடுப்பகல் வழிபாடு. ‘அய்யா சிவ சிவ சிவ சிவா அரகரா அரகரா’ என்று எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது உள்ளே நிற்க இடம் கிடைக்கவேண்டும் என்றால் பதினொன்றே முக்காலுக்கே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், இன்னும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் அன்னதர்மம். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடலாம்.

வெயில் தாழும்வரை அங்கேயே நிழலில் இருந்துவிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும். கன்னியாகுமரி பகவதியம்மன் கோவில் நடை சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆண்டில் சில நாட்கள் தவிர அங்கே கிழக்கு வாசல் சாத்தியே இருக்கும், வடக்கு வாசலுக்குப் போங்கள். அங்கேயும் சட்டையைக் கழற்றவேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் சாமிதோப்பிலிருந்து நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, சுசீந்திரத்தில் இறங்கி, கன்னியாகுமரி பஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.